முயல்கள் திடீரென இறந்தால்: வைரஸின் வகையை அறிய என்ன செய்ய வேண்டும்?

முதல்நாள் மாலை வரை அகத்திக் குழை தின்ற முயல்கள் மறுநாள் காலையில் கூட்டோடு இறந்து கிடந்தால், யாழ்ப்பாணத்தில் சித்திரை வெயிலின் மீதோ பூச்சிநாசினி பட்ட இலையின் மீதோ பழியைப் போட்டுவிடுவது வழக்கம். அவையும் காரணமாகலாம், ஆயினும் முயல் இரத்தப்போக்கு நோய் எனும் வைரஸ் தொற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில், இறந்தவற்றின் வயதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். 1984இல் சீனாவில் அறியப்பட்ட பழைய வகை, எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். 2010இல் பிரான்சில் தென்பட்ட இரண்டாம் வகையோ சில வாரக் குட்டிகளையும் கொல்லும். பழைய வகைக்கான தடுப்பூசி இரண்டாம் வகைக்குப் போதிய காப்பு அளிக்காது என்பதால், இந்தக் குறிப்பு வைத்தியருக்கு மிகவும் பயன்படும்.

அடுத்து, புதைப்பதற்கு முன்பே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். வைரஸ் ஈரலிலேயே அதிகம் செறிந்திருக்கும். ஆனாலும் வீட்டில் அறுத்து ஈரல் எடுக்க முனைய வேண்டாம். உடலை இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டி, ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியில் வைத்து ஒப்படைப்பதே நல்லது. இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் நம் கை, செருப்பு, தீவனச் சட்டி, இலையான் ஆகியவை வைரஸை அடுத்த கூட்டுக்குக் காவிச் செல்லும்.

வகை காணும் பரிசோதனை நடக்குமானால், புற உறைப் புரதத்தின் மரபணுவை மட்டும் வாசித்தால் போதுமா என்று கேளுங்கள். போதாது என்பதே என் கருத்து. ஏறத்தாழ 7,400 மரபணு எழுத்துகள் கொண்ட இந்த ஆர்என்ஏ வைரஸில், ஒரே முயலைத் தொற்றிய இரு வகைகள் பாகங்களை மாற்றிக்கொள்வதுண்டு. ஒரு லொறியின் எஞ்சினை இன்னொன்றின் பொடியில் பூட்டியது போல, நோய் உண்டாக்காத வகையொன்றின் படியெடுக்கும் நொதியும் இரண்டாம் வகையின் உறையும் சேர்ந்த கலப்புகள் அவுஸ்திரேலியாவில் பரவியுள்ளன. அவற்றை ஜிஐ.4பி-ஜிஐ.2 (GI.4P-GI.2) என நொதியின் வகையை முன்னால் இட்டுக் குறிப்பார்கள்: ஜிஐ.4 என்பது நோய் உண்டாக்காத வகை, ‘பி’ (P) என்பது நொதி, ஜிஐ.2 என்பது இரண்டாம் வகை. இரு பகுதிகளையும் வாசித்தால்தான் தொற்று எந்த வழியில் வந்திருக்கும் என்பதை ஊகிக்க முடியும்.

எஞ்சிய உடல்களில் வைரஸ் பல வாரங்கள் உயிர்ப்புடன் இருக்கும். நமது சுண்ணக்கல் நிலத்தில் அழுக்கு நீர் விரைவாகக் கீழிறங்கும் என்பதால், கிணற்றடியை விட்டு வெகுதூரத்தில், நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். கூட்டைக் கழுவித் துடைத்தபின் வெளிற்றும் தூள் கரைசலால் நனைத்து விடுங்கள்.