சிரிஞ்சுக்குள் கேவிடேஷன்: நீங்களே செய்து பார்க்கலாம்

தண்ணீர் கொதிக்க அடுப்புதான் வேண்டும் என்றில்லை. அழுத்தம் குறைந்தாலும் ஆவிக்குமிழி கிளம்பிவிடும். அழுத்தம் திரும்பியதும் அது நொறுங்கும். இதுதான் கேவிடேஷன்.

மெடிக்கல் கடையில் 10 எம்.எல். சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள், ஊசி வேண்டாம். கரைந்திருக்கும் காற்று போக, தண்ணீரைக் கொதிக்கவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். 3 எம்.எல். உறிஞ்சி, முனையை மேலே பிடித்து, உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிவிடுங்கள். முனையை விரலால் இறுக்கி மூடிக்கொண்டு தண்டை வெடுக்கென்று இழுங்கள். ரப்பர் ஓரத்தில்தான் முதல் குமிழிகள் வரும். அங்கே நுண்ணிய இடுக்குகளில் காற்று ஒட்டியிருக்கும். தண்டைச் சட்டென்று விட்டால் 'டக்'. ஆவிக்குமிழிகளைக் காணோம். அப்புறமும் மிஞ்சி நிற்பது காற்று.

அடுத்து, சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் ஒலியைச் செலுத்தி நகையைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் மிஷின் இருந்தால், "அண்ணா, ஒரு நிமிஷம் இந்தத் தாளைப் போட்டுப் பார்த்துக்கவா?" என்று கேளுங்கள். சமையலறை அலுமினியத் தாளைத் தொட்டியின் அடியில் படாமல் நிமிர்த்தித் தொங்கவிடுங்கள். ஓடும்போது கையை உள்ளே விடாதீர்கள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் பொடிப்பொடிக் குழிகள், சில இடங்களில் ஓட்டையே தெரியும்.

பல மிஷின்களில் ஒலி நொடிக்கு 40,000 முறை தண்ணீரை இழுத்து அமுக்குகிறது. தனியாக இருக்கும் குமிழி எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்கும். பக்கத்தில் திடமான சுவர் இருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் எளிதாக வர முடியாது. எதிர்ப்பக்கம் வேகமாக உள்ளே இடிந்து, மெல்லிய நீர்த்தாரை குமிழியைத் துளைத்துச் சுவரில் அடிக்கும். கொலுசுக் கண்ணிகளுக்குள் சிக்கிய பாலிஷ் அழுக்கைப் பெயர்ப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இப்படி நொறுங்கும்போது எழும் அழுத்தத்தை இங்கிலாந்து இயற்பியலாளர் ரேலி 1917-இலேயே கணக்கிட்டுவிட்டார்.

எனக்குப் பிடித்தது இரண்டு குமிழிகளின் கதை. ஒரே அளவில், சேர்ந்து உப்பிச் சேர்ந்து சுருங்கினால், நடுவில் ஒரு சுவர் இருப்பதாகவே இரண்டும் நடந்துகொள்ளும். ஒன்றையொன்று இழுக்கும், தாரைகள் நேருக்கு நேர் பாயும். ஒன்று உப்பும்போது மற்றது சுருங்கினால் விலகும், தாரைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகும்.

ஏற்காட்டில் தோட்டம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. மேலே வைத்த மோட்டார் உறிஞ்சக்கூடிய ஆழம் கடல்மட்டத்தைவிடச் சுமார் ஒன்றரை மீட்டர் குறையும். பம்புக்குள் கூழாங்கல் உருள்கிற மாதிரி கேட்டால் அது கேவிடேஷனாக இருக்கலாம். உறிஞ்சுகுழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வில் அடைப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மோட்டாரைத் தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்கிவையுங்கள்.