நிலாவெளியைக் கெடுக்கும் மாற்றி: கோப்பு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை நகரில் தட்டச்சு, போட்டோப் பிரதி, அச்சு என்று ஒரு சிறு கடை நடத்துகிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வேலை பழக வரும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் எப்போதும் கூட இருப்பார்கள். சென்ற வாரம் அவர்களில் ஒருவர் திரையைப் பார்த்தபடி பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு, எழுத்துக்கு எழுத்து அப்படியே அங்கே நின்றது. அந்தப் பிள்ளையைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சேமிக்க மறப்பது, தவறான கோப்பை அழிப்பது போன்றவற்றை இங்கே தொடப் போவதில்லை. ஒரு முறை சூடு பட்டால் அவை தாமாகவே விளங்கிவிடும்.

பெயரை மாற்றினால் கோப்பு மாறாது

"பிடிஎப் ஆக்கிவிட்டேன் அண்ணா" என்று சொல்லும் பிள்ளை பல வேளைகளில் வேர்ட் கோப்பின் பின்னொட்டை மட்டும் அழித்து, பிடிஎப் என்று எழுதியிருக்கும். கோப்பு எந்த வகை என்பதை அதன் உள்ளே முதலில் நிற்கும் சில குறிகள் சொல்கின்றன. பிடிஎப் கோப்பு ஒரு சதவீதக் குறியோடும் பிடிஎப் என்ற மூன்று எழுத்துகளோடும் தொடங்கும். வேர்ட் சேமிக்கும் டொக்ஸ் (docx) கோப்பை நோட்பேடில் திறந்தால் தலையில் பீ, கே என்ற இரண்டு எழுத்துகள் நிற்கும். கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகப் பொதியும் ஸிப் முறையை 1989இல் கொண்டுவந்த பில் காட்ஸ் என்பவருடைய பெயரின் முதலெழுத்துகள் அவை. டொக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஸிப் பொதிதான்.

இதைத் தெரிந்து வைத்திருப்பது ஆபத்துக்கு உதவும். திறக்க மறுக்கும் டொக்ஸ் கோப்பைப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியின் பின்னொட்டை ஸிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே வேர்ட் என்ற கோப்புறைக்குள் மீடியா என்று இன்னொன்று இருக்கும். எழுத்து போனாலும் படங்களையாவது அங்கிருந்து மீட்டுவிடலாம். திருமணப் படங்கள் செருகிய ஒரு மலரின் படங்களை அப்படித்தான் மீட்டுக் கொடுத்தேன்.

பாமினிக் கோப்பை முழுதாக மாற்றியில் கொட்டி, பழையதன் மேலேயே சேமிப்பது

அந்தப் பிள்ளையின் திரையில் நான் கண்ட தவறு இதுதான். இதைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

இலங்கையில் தமிழ் தட்டச்சுச் செய்தவர்களின் மேசைகளில் பாமினி எழுத்துருவில் கிடக்கும் கோப்புகளுக்குக் கணக்கில்லை. பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளைத்தான். அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுப்பது எழுத்துரு மட்டுமே. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறிமுறையாகிய யுனிகோட் அப்படி அல்ல. அதன் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலிருந்தே தமிழ் எழுத்துகளுக்கென்று சொந்த எண்கள் இருக்கின்றன. ஆகவே மாற்றி என்னும் மென்பொருளால் பாமினியை யுனிகோடுக்கு மாற்றுவது நல்ல வேலைதான். மாற்றும் விதத்தில்தான் கேடு.

தையல் பயிற்சி முடித்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சான்றிதழ் அடித்துத் தரும் வேலை ஒரு தடவை எனக்கு வந்தது. பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், மின்னஞ்சல் என்று பட்டியல் பாமினியில் இருந்தது. எல்லாவற்றையும் தெரிவுசெய்து மாற்றியில் ஒட்டினேன். வந்ததை எடுத்துப் பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன். முதற்பக்கம் முழுவதும் மூதூர், கிண்ணியா. பிழையே இல்லை. தடித்த அட்டையில் வர்ணத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டேன்.

வழங்கும் நாளன்று ஒரு பெண் தன்னுடைய சான்றிதழோடு கடைக்கு வந்தார். ஊர்ப் பெயரின் மேல் விரலை வைத்து, "ஐயா, இது எங்கள் ஊர் இல்லையே?" என்றார். 'நிலாவெளி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நிலாவௌி' என்று இருந்தது. கடைசி இகரக் குறி ஒட்ட எழுத்தின்றி, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. மற்றவற்றைப் புரட்டினேன். குச்சவெளி, உப்புவெளி, வெள்ளைமணல் எல்லாம் அதே கோலம். 'வெளி'யில் முடியும் ஊர்கள் நிறைந்த எங்கள் மாவட்டத்துக்கென்றே அமைந்த பிழைபோல் இருந்தது.

காரணம் எளிது. பாமினியில் ஔகாரத்துக்கெனத் தனிக் குறி கிடையாது. கொம்பு, மெய், ளகரம் என்ற மூன்றையும் தட்டித்தான் 'மௌனம்' எழுதுகிறோம். 'வெளி' என்பதிலும் அதே மூன்றுதான் முன்னால் வருகின்றன. கவனமில்லாமல் எழுதப்பட்ட மாற்றி அந்த மூன்றையும் கண்டவுடன் 'வௌ' ஆக்கிவிட்டு, மிஞ்சிய இகரத்தை வெறுமனே விட்டுவிடுகிறது. 'வெள்ளி', 'தெளிவு', 'வெளியீடு' எல்லாம் இப்படித்தான் சிதைகின்றன. நம் நாட்டுச் செய்தித் தளங்களிலும் அறிவித்தல்களிலும் 'வௌியீடு' எத்தனை முறை கண்ணில் படுகிறது!

அதோடு முடியவில்லை. மாற்றிக்கு எழுத்துரு தெரியாது, ஒட்டிய குறிகள் மட்டுமே தெரியும். ஆங்கில எழுத்துருவில் இருந்த பகுதிகளையும் பாமினி என்றே நினைத்து மாற்றியது. பழைய அடையாள அட்டை இலக்கங்களின் கடைசியில் நிற்கும் 'வீ' எழுத்து 'ஏ' ஆனது. ஆங்கிலக் காற்புள்ளி ஒவ்வொன்றும் 'இ' ஆனது. 'ஜிமெயில் டொட் கொம்' என்ற இடமெல்லாம் 'பஅயடை.உழஅ' என்று நின்றது. ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிடலாம் என்றால் மூலம் இல்லை, அதன் மேல்தான் சேமித்திருந்தேனே. கொடுத்தவர்களிடமும் வேறு பிரதி இருக்கவில்லை. ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, இலக்கம் கேட்டு, எழுத்துக் கூட்டிச் சரிபார்த்து, அட்டை முழுவதையும் என் செலவில் திரும்ப அடித்தேன். பணம் போனது பெரிதில்லை. தன் ஊரின் பெயர் பிழையாக அச்சான சான்றிதழை அந்தப் பெண் என்னிடம் நீட்டிய விதம்தான் மறக்கவில்லை.

இப்போது பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முறை இது. மூலக் கோப்பைத் தனிக் கோப்புறையில் வைத்துவிட்டுப் பிரதியில் மட்டும் கை வைக்க வேண்டும். வேர்டில் பாமினி எழுத்தில் ஓரிடத்தில் நின்றுகொண்டு, அதே வடிவமைப்புள்ள எழுத்துகள் அனைத்தையும் தெரிவுசெய்யும் கட்டளையைக் கொடுத்தால் ஆங்கிலப் பகுதி எங்கெங்கே இடையில் வருகிறது என்பது பளிச்சென்று தெரியும். அந்த இடங்களை விலக்கிப் பகுதி பகுதியாக மாற்ற வேண்டும். மாற்றிய பின் நோட்பேடில் ஒட்டி 'ௌ' என்று தேட வேண்டும். அதன் பின்னால் புள்ளியோ இகரமோ காலோ நின்றால் அது பிழைதான், தமிழில் அப்படி ஓர் எழுத்து இல்லை. பிறகு ஊர்ப் பெயர்களைக் கண்ணால் வாசிக்க வேண்டும், முதற்பக்கத்தை மட்டுமல்ல.

சிங்களமும் கலந்த கடிதம் என்றால் இன்னும் கவனம் தேவை. எப்எம் அபய எழுத்துருவில் அடித்த சிங்களமும் உள்ளே ஆங்கிலக் குறிகள்தான். அதைப் பாமினி மாற்றியில் போட்டால் தமிழும் இல்லாத சிங்களமும் இல்லாத ஒன்று வரும். அதற்கு அதற்குரிய மாற்றியே வேண்டும்.

புதிதாக அடிப்பதை எதற்குப் பாமினியில் அடிக்க வேண்டும்? விரல் பழகிவிட்டது என்பார்கள். பாமினி விசை அமைப்பிலேயே யுனிகோட் தரும் மென்பொருள்கள் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இ-கலப்பை அவற்றில் ஒன்று.

026 எங்கே போனது?

திருகோணமலைத் தொலைபேசிக் குறியீடு 026. எக்செல் அதை எண் என்று நினைத்து 26 ஆக்கிவிடும். பன்னிரண்டு இலக்கப் புதிய அடையாள அட்டை எண்ணை 1.99ஈ+11 என்பதுபோல் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆகச் சேமித்தால் காட்டியது மட்டுமே கோப்பில் மிஞ்சும், மற்ற இலக்கங்கள் திரும்பி வரா. தட்டத் தொடங்குவதற்கு முன்பே அந்த நிரலை 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். வந்த சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், 'டேட்டா' பட்டியல் வழியாக உள்ளெடுங்கள். தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் வருவதற்கும் அதுவே வழி.

எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் (xls) வகையில் சேமிப்பது

65,536 வரிகளுக்கு மேல் அதற்குக் கொள்ளாது. 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனாத் தொற்றுகள் கணக்கில் வராமல் சில நாட்கள் கிடந்தது இதனால்தான்.

தமிழ்ப் பிடிஎப்பை வேர்ட் ஆக்கிக் கேட்பது

வாடிக்கையாளர் கேட்கும்போது "ஐந்து நிமிட வேலை" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிடிஎப்புக்கு முக்கியம் எழுத்து தாளில் எங்கே நிற்கிறது என்பதுதான். நாம் 'கொ' என்று ஒன்றாக எண்ணுவது அதற்குள் கொம்பு, ககரம், கால் என்று வரிசையில் கிடக்கலாம். பிரதியெடுத்தால் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று வரும். பாமினியில் செய்த பிடிஎப் என்றால் ஆங்கிலக் குறிகளே வரும், அவற்றையாவது மாற்றியில் போட்டுப் பார்க்கலாம். பல வேளைகளில், பக்கத்தைப் படமாக்கி, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்து எழுத்தை வாசிக்க வைப்பதே நல்ல பலன் தருகிறது. அதன் பிறகும் மெய்ப்புப் பார்க்கும் நேரத்தைச் சேர்த்தே விலை சொல்லுங்கள்.

பென் ட்ரைவிலேயே வேலை செய்வது

கணினிக்குப் பிரதியெடுத்துச் செய்யுங்கள்.

அடையாள அட்டைப் படத்தை இணைய மாற்றிகளில் ஏற்றுவது

பிறருடைய ஆவணம் அது. படத்தை வேர்டில் செருகி, 'சேவ் அஸ்' வழியாகப் பிடிஎப் ஆக்கினால் போதும்.

அச்சுக்கான படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பச் சொல்வது

சுருங்கித்தான் வரும். 'டொகியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.