வண்ணக்கல்லின் நிறத்தை அதன் அடிக்கோணத்தை வைத்துப் படிப்பது எப்படி

ஒரே கச்சாக் கல்லில் வெட்டிய இரண்டு நீலக்கற்களில் ஒன்று ஆழ்ந்த நீலமாகவும் மற்றொன்று நடுவில் வெளுத்தும் தெரிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பெவிலியன் எனப்படும் அடிப்பக்கத்தின் கோணத்தை.

மேலிருந்து நேராக இறங்கும் ஒளி அடிப்பட்டையில் (அடிப்பக்கத்தில் தீட்டிய தட்டை முகம்) மோதும் கோணமும் அந்தப் பட்டையின் சாய்வும் ஒன்றே. அது கல்லின் மாறுநிலைக் கோணத்தைத் தாண்டினால்தான் ஒளி முழுவதும் உள்ளே திரும்பும். செவ்வந்திக்கல் உள்ளிட்ட குவார்ட்ஸ் வகையின் ஒளிவிலகல் எண் சுமார் 1.54, மாறுநிலைக் கோணம் ஏறக்குறைய 40.4 டிகிரி. நீலக்கல்லுக்கும் மாணிக்கத்துக்கும் அவை 1.76, 34.6 டிகிரி. இதனால்தான் குவார்ட்ஸை 41 முதல் 43 டிகிரிக்குள் வெட்டுகிறார்கள். 38 டிகிரியில் நீலக்கல் மின்னும், குவார்ட்ஸ் ஒளியை அடிவழியே ஒழுகவிடும்.

சோதிக்க, பதிக்காத கல்லை அச்சிட்ட தாளின் மேல், டேபிள் எனப்படும் மேல்தட்டை முகம் மேலே இருக்கும்படி பிடித்து நேராகப் பாருங்கள். நடுவில் எழுத்து தெரிந்தால் அது ‘ஜன்னல்’. அங்கே ஒளி கல்லை ஒருமுறை கடந்தே வெளியேறுவதால் நிறம் வெளிறும். எதிரொளித்து மேலே வரும் ஒளி ஏறக்குறைய இருமடங்கு தூரம் பயணிப்பதால் ஓரங்களில் நிறம் அடர்ந்து தெரியும். பிறகு கல்லைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். குவார்ட்ஸில் வெட்டுக்கோணத்துக்கும் மாறுநிலைக் கோணத்துக்கும் இடைவெளி குறைவு என்பதால் நன்றாக வெட்டிய கல்லிலும் ஜன்னல் எட்டிப் பார்க்கும். நீலக்கல்லில் இலேசான சாய்வுக்கே தெரிந்தால் வெட்டுதான் குறை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அடிக்கோணம் மிகச் செங்குத்தானால் முதல் பட்டையில் திரும்பிய ஒளி எதிர்ப்பட்டையில் ஒழுகிவிடும்; கல்லில் கருந்திட்டுகள் நிற்கும். ஏற்கெனவே அடர்நிறக் கல்லை ஆழமாக வெட்டினால் கறுத்தே போகும். வெளிறிய கல்லுக்கு ஆழம் உதவும்.

ஜன்னலை மறுபட்டை தீட்டி அடைக்கலாம், ஆனால் எடை போகும். 8 மி.மீ. அகல வட்ட நீலக்கல்லின் அடிக்கோணம் 33 டிகிரி என்றால் அடியாழம் 2.6 மி.மீ. அதே ஆழத்தில் 40 டிகிரி வேண்டுமானால் அகலம் சுமார் 6.2 மி.மீ. ஆகிவிடும். எடையைக் காக்க நினைத்துத்தான் பலர் ஜன்னலோடு விற்கிறார்கள்.

வெட்டும் திசையும் நிறத்தைத் தீர்மானிக்கும். நீலக்கல் படிகத்தின் முக்கிய அச்சு வழியே பார்த்தால் ஊதா கலந்த நீலம், குறுக்கே பச்சை கலந்த நீலம். ஆகவே டேபிளை அச்சுக்குச் செங்குத்தாக வைப்பது வழக்கம். டூர்மலினில் அச்சு வழிப் பார்வை பெரும்பாலும் இருண்டிருக்கும், எனவே அடர்கல்லில் டேபிள் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். நிறம் திட்டாக இருந்தால் அத்திட்டை அடிநுனியில் வையுங்கள். மேலிருந்து கல் முழுவதும் நிறமாகத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

வெட்டு சரியாக இருந்தும் மோதிரத்தில் கல் மங்கினால் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். காற்றின் இடத்தில் எண்ணெய்ப் படலம் ஒட்டினால் குவார்ட்ஸின் மாறுநிலைக் கோணம் 70 டிகிரியையும் தாண்டும், ஒளி ஒழுகிவிடும். வெதுவெதுப்பான நீர், மிதமான சோப்பு, மென்மையான பிரஷ் போதும். எண்ணெய் ஏற்றிய மரகதத்தை அல்ட்ராசோனிக் கருவியில் போடாதீர்கள், விரிசல்களில் உள்ள எண்ணெய் வெளியேறிவிடும்.