முதல் கேமிங் பிசி: பொருத்தம் பார்த்துவிட்டு ரிச்சி ஸ்ட்ரீட் போங்கள்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கமிருந்து மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தே போய்விடலாம். போவது சுலபம். ஆனால் அங்கே நின்றுகொண்டு "கேமிங் பிசி வேணும், பட்ஜெட் இவ்வளவு" என்று மட்டும் சொன்னால், அன்றைக்கு அந்தக் கடையில் என்ன ஸ்டாக் இருக்கிறதோ அதுதான் உங்கள் பிசி. பார்ட் ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்லதாகவே இருக்கலாம். ஒன்றோடு ஒன்று சேராமல் போகும், இல்லையென்றால் சேர்ந்தும் முழு வேகம் வராது. கல்யாணத்துக்கு முன்னால் பொருத்தம் பார்க்கிற மாதிரி வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: ப்ராசஸருக்கும் போர்டுக்கும் (எல்லாப் பார்ட்டும் மாட்டும் மதர்போர்டு), போர்டுக்கும் ராமுக்கும், கிராபிக்ஸ் கார்டுக்கும் ஸ்லாட்டுக்கும், கார்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் (பார்ட்டுகளுக்குக் கரன்ட் தரும் பவர் சப்ளை), எல்லாவற்றுக்கும் கேபினட்டுக்கும், கடைசியில் அந்தக் கேபினட்டுக்கும் உங்கள் வீட்டு கரன்ட்டுக்கும். கடைசிப் பொருத்தத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. வட சென்னையின் பழைய வீடுகளில் பிசி பாழாவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் கிராபிக்ஸ் கார்டை முடிவு செய்யுங்கள். கேமிங்குக்கென்று வாங்கும் பிசியில் மொத்தப் பணத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் அதற்குப் போகலாம். மீதியை அந்தக் கார்டுக்கு ஏற்ற மாதிரி கட்டுங்கள். கண்ணாடிக் கேபினட், கலர் லைட் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

ப்ராசஸரும் போர்டும்

போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். ப்ராசஸரின் சாக்கெட் பெயரும் போர்டின் சாக்கெட் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்த பட்ஜெட்டில் இரண்டு வழிகள் நம்பகமானவை. ஒன்று, ஏஎம்டி பக்கம் ஏஎம்4 சாக்கெட், ரைசன் 5 5600, பி550 போர்டு. இன்னொன்று, இன்டெல் பக்கம் எல்ஜிஏ1700 சாக்கெட், ஐ3-12100எஃப் அல்லது ஐ5-12400எஃப், எச்610 அல்லது பி760 போர்டு. எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 12, 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் உட்காரும். 10, 11-ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ1200, அது வேறு. கையில் பணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ஏஎம்5 பக்கம் போகலாம். ஆனால் அங்கே டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ராம் மட்டும்தான், மொத்தச் செலவும் ஏறும்.

சாக்கெட் ஒத்துப்போனாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கும், அது பயாஸ், அதாவது ஆன் செய்ததும் பிசியை எழுப்பும், போர்டுக்குள்ளேயே இருக்கும் சின்ன மென்பொருள். பி450 போர்டுகள் 2018-இல் வந்தவை, பி550 2020-இல். ரைசன் 5 5600 வந்தது 2022-இல்தான். கடை அலமாரியில் நாளாகக் கிடந்த போர்டில் பழைய பயாஸ் இருந்தால், ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரையில் ஒன்றும் வராது. போர்டு போச்சு என்று பயந்து திருப்பிக் கொடுக்கப் போவார்கள், போர்டில் ஒரு குறையும் இருக்காது. வாங்கும் முன் அந்த போர்டின் கம்பெனி தளத்தில் ப்ராசஸர் பட்டியலைத் திறந்து, உங்கள் ப்ராசஸருக்கு எதிரே எந்த பயாஸ் பதிப்பு போட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடையில் "இந்தப் பதிப்புக்கு ஏற்றிக் கொடுங்க" என்று கேளுங்கள். பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால் ப்ராசஸர் இல்லாமலே பென் டிரைவ் போட்டு ஏற்றிவிடலாம். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல்லைப் பழைய எச்610 போர்டில் போடும்போதும் இதே கதைதான்.

இன்டெல் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600-லும் கிடையாது. இந்தப் ப்ராசஸர்களை வாங்கிவிட்டு "கார்டு அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று இருந்தால் அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். கார்டைத் தள்ளிப்போடுவதாக இருந்தால் 5600ஜி எடுக்கலாம். ஒன்று தெரிந்து எடுங்கள்: கார்டும் ப்ராசஸரும் பேசிக்கொள்ளும் பாதையான பிசிஐஇ-யில் 5600ஜி 3.0 வேகம்தான் தரும், 5600 தருவது 4.0. பின்னால் கார்டு மாட்டும்போது இது கணக்கில் வரும்.

மேலே சொன்ன ப்ராசஸர்கள் டப்பாவில் வந்தால் கூலரும் கூடக் கிடைக்கும். டப்பா இல்லாமல் ட்ரே பீஸ் என்று விலை குறைத்துக் கொடுப்பதில் கூலர் இருக்காது, வாரன்ட்டியும் பெரும்பாலும் கடைக்காரர் தருவதுதான். பழைய இன்டெல் கூலர் வீட்டில் கிடக்கிறது, அதையே போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பழைய சாக்கெட்டில் திருகு ஓட்டைகளுக்கு நடுவே 75 மிமீ, எல்ஜிஏ1700-இல் 78 மிமீ. மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் உட்காராது.

ராமும் எஸ்எஸ்டியும்

எச்610, பி760 போர்டுகள் டிடிஆர்4-க்கு ஒன்று, டிடிஆர்5-க்கு ஒன்று என்று இரண்டு வகையாக வருகின்றன. பெயரின் கடைசியில் டி4 அல்லது டிடிஆர்4 என்று இருக்கிறதா என்று டப்பாவில் படியுங்கள். இரண்டு ராமிலும் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தி நுழைத்தால் ஸ்லாட் உடையும். 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போது கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். மாட்டிய பிறகு பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் டப்பாவில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யவில்லை என்றால், 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ராம் 2133-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும். ராம் விலை ஏறி இறங்கும் வேகம் அதிகம், கிளம்பும் அன்று காலையில் ஒருமுறை பாருங்கள்.

விண்டோஸும் கேமும் இருக்கும் எஸ்எஸ்டி, போர்டிலேயே சொருகும் எம்.2 என்விஎம்இ வகை, 2280 அளவு (22 மிமீ அகலம், 80 மிமீ நீளம்), 500 ஜிபி அல்லது 1 டிபி. எம்.2 வடிவத்திலேயே வேகம் குறைந்த சாட்டா வகையும் விற்கிறது, பல போர்டுகள் அதைக் கண்டுகொள்ளாது. எம்.2 திருகு மிளகு அளவுதான் இருக்கும். போர்டு டப்பாவைத் தூக்கிப் போடும் முன் அதை எடுத்து வையுங்கள்.

கார்டும் ஸ்லாட்டும்

எல்லாக் கார்டும் ஒரே நீள ஸ்லாட்டில்தான் உட்காரும், ஆனால் எல்லாமே அந்த ஸ்லாட்டின் 16 லேனையும் (தரவு ஓடும் தடங்கள்) எடுப்பதில்லை. ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன். அதைப் பிசிஐஇ 3.0 போர்டில் போட்டாலும் இழப்பு பெரிதாகத் தெரியாது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு லேன் மட்டுமே, கூடவே 4 ஜிபி நினைவகம். அதை 5600ஜி-யோடோ பழைய போர்டிலோ மாட்டினால் நன்றாகவே வேகம் விழும். விலையைப் பார்த்து அதை எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்குப் போர்டில் ரீசைசபிள் பார் (கார்டின் முழு நினைவகத்தையும் ப்ராசஸர் ஒரே தடவையில் அணுகும் வசதி) வேண்டும், பழைய போர்டில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆர்டிஎக்ஸ் 3050 வாங்கும்போது 6 ஜிபியா 8 ஜிபியா என்று கேளுங்கள். இரண்டிலும் சிப் அமைப்பே வேறு. 8 ஜிபி 2560 கோர், 130 வாட். 6 ஜிபி 2304 கோர், 70 வாட், பெரும்பாலும் தனி பவர் கேபிள் கேட்காது. 6 ஜிபி வேகம் குறைந்தது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் சாதாரண ஆபீஸ் பிசியில் மாட்டுவதற்கு அதுதான் தோது.

வீட்டில் பழைய விஜிஏ மானிட்டர் இருந்தால் இப்போதைய கார்டில் அந்த ஓட்டையே இல்லை, கன்வெர்ட்டர் தனியாக வாங்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்: லேபிளைப் படியுங்கள்

கேபினட்டோடு "ஃப்ரீ"யாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை கேமிங் பிசிக்குப் போடவே போடாதீர்கள். மேலே பெரிய எழுத்தில் 450 என்று இருக்கும். அதைத் திருப்பி, சின்னக் கட்டமாக இருக்கும் லேபிளில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசஸரும் கார்டும் தின்பது இந்த லைனைத்தான். அங்கே 16ஏ என்று இருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள், 192 வாட். பெயர் 450, நமக்கு உதவுவது 192. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒரு லைனே 400-ஐத் தாண்டும்.

இப்போது தேவையைக் கூட்டுங்கள். ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட். ரைசன் 5 5600-க்கு 80 என்று வையுங்கள். போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 50. மொத்தம் 262. கார்டு ஒரு நொடியின் சிறு பங்கில் இதற்கு மேலும் இழுக்கும். 192 வாட் லைனில் இது ஓடினால் விண்டோஸ் வரும், பிரௌசர் ஓடும், கேம் திறந்த பத்தாவது நிமிஷம் பொட்டென்று அணையும். பலர் கார்டைத்தான் குறை சொல்வார்கள். இந்தக் கூட்டுக்கு 80 பிளஸ் பிரான்ஸ் போட்ட, மூன்று வருஷமாவது வாரன்ட்டி உள்ள 450 அல்லது 550 வாட் எடுங்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், தரத்துக்கு அது முழு சாட்சி ஆகாது. வாரன்ட்டி வருஷத்தையும் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான்.

ப்ராசஸருக்கு 4+4 பின், கார்டுக்கு 6+2 பின். இரண்டும் பார்க்க எட்டுப் பின்தான், உள்ளே வயரிங் தலைகீழ். சரியாக நுழையாததை வலுக்கட்டாயமாக அழுத்தாதீர்கள். மாடுலர் (கேபிளைத் தனியாகக் கழற்றக்கூடிய) எஸ்எம்பிஎஸ் கேபிளை இன்னொரு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் மாற்றிப் போட்டால் எஸ்எஸ்டியோ போர்டோ அங்கேயே எரியும்.

கேபினட்டும் உப்புக்காற்றும்

கேபினட் விவரத்தில் போர்டு அளவு, கார்டின் நீளம், கூலரின் உயரம் மூன்றும் மிமீ கணக்கில் இருக்கும். உங்கள் கார்டின் நீளத்துக்கு மேல் இருபது மிமீயாவது இடம் இருக்கட்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்தது வேண்டாம், வலை வைத்ததாக எடுங்கள். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, அது போதும். போர்டைத் தாங்கும் பித்தளை முட்டுகளில் ஒன்று, போர்டில் திருகு ஓட்டை இல்லாத இடத்தில் நின்றாலும் அதன் அடியில் பட்டு ஷார்ட் ஆகலாம். எண்ணிப் பார்த்துத் திருகுங்கள்.

காசிமேடு, ராயபுரம், எண்ணூர் கரையோரம் உப்பு ஈரம். எண்ணூர் எக்ஸ்பிரஸ்வே ஓரம் கன்டெய்னர் லாரித் தூசி. இரண்டும் சேர்ந்தால் ஹீட்சிங்க்கில் களிம்பு மாதிரி ஒட்டும். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே பிசியை வைக்காதீர்கள், மாதம் ஒருமுறை வலையைத் தட்டித் துடையுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும். புளியந்தோப்பு, வியாசர்பாடி மாதிரி ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் வாசல் ஏறும் இடங்களில் கேபினட் தரையில் இருக்கவே கூடாது.

செகண்ட் ஹேண்ட் கார்டு பார்த்தால் முதலில் பின் தகட்டையும் திருகுகளையும் பாருங்கள். திருகில் துரு, தங்க நிறக் காலில் பச்சை படிந்திருந்தால் உப்புக்காற்றில் நாளாக இருந்த பீஸ். விலையைக் குறைத்தாலும் வேண்டாம்.

வீட்டு கரன்ட்

கேபினட்டைத் தொட்டால் விரலில் "சுர்" என்று இழுக்கிறதா? அது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போனதால் வருவதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் உள்ள வடிகட்டியில் ஃபேஸுக்கும் பாடிக்கும், நியூட்ரலுக்கும் பாடிக்கும் ஒவ்வொரு கபாசிட்டர் இருக்கிறது. எர்த் இருந்தால் அந்தச் சிறு கரன்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பாடி, 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும். டெஸ்டரைக் கேபினட் திருகில் வைத்தால் எரியும். அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகி எடுக்கும்போது கார்டின் போர்ட்டோ மானிட்டர் போர்ட்டோ போகக்கூடும்.

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு கூப்பிடுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் வர வேண்டும். இல்லையென்றால் பிசி வாங்கும் முன் எர்த் போடுங்கள். மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டரைத் தூக்கி எறியுங்கள். ஸ்பைக் பஸ்டரும் எர்த் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

600 விஏ யூபிஎஸ் என்றால் பொதுவாக 360 வாட்தான் தரும். மேலே கூட்டிய 262, மானிட்டருக்கு 25, இதற்கே திணறும் நிலை. 1000 விஏ எடுத்தால் கேமை சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கேமிங் பிசியைக் கோக்காதீர்கள், ஆக்டிவ் பிஎஃப்சி (கரன்ட்டைச் சீராக இழுக்க வைக்கும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ் அதில் ஒழுங்காக நிற்காது.

"ஐ7 கேமிங் பிசி" விளம்பரம்

ரொம்பக் குறைந்த விலையில் ஐ7 என்று வந்தால், ஐ7-க்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 2600 என்றால் அது 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை. புது ஐ3-12100எஃப் அதைத் தூக்கிச் சாப்பிடும். இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே, ஓரிரு மாடல் தவிர, விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வாலரன்ட் கேம் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும், இவ்வளவு பழைய பிசியில் அவை இருக்காது. பையன் ஆட நினைப்பதே வாலரன்ட் என்றால் அந்தக் காசு வீண்.

கடையிலும் வீட்டிலும்

பில்லில் ஜிஎஸ்டி எண்ணோடு ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் எழுதச் சொல்லுங்கள், டப்பாவில் உள்ளதோடு அங்கேயே ஒத்துப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால், கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பயாஸ் மாற்றிப் பெயர் போட்ட போலி என்விடியா கார்டுகள் பலவற்றை அது போலி என்றே காட்டிவிடும். பிறகு பதினைந்து நிமிஷமாவது லோடு கொடுத்து ஓட்டிப் பார்த்து எடுங்கள்.

கடையில் அசெம்பிள் செய்து ஆட்டோவில் கொண்டுவந்தால் கார்டைக் கழற்றி அதன் டப்பாவில் வையுங்கள். கேபினட்டைப் போர்டு அடியில் படுத்திருக்கிற மாதிரி மடியிலோ சீட்டிலோ கிடத்துங்கள். பள்ளத்தில் ஒரு குலுக்கு போதும், கார்டின் கனத்துக்கு ஸ்லாட் விரிசல் விட.

வீட்டில் கார்டை மாட்டி ஆன் செய்து திரை வராவிட்டால், முதலில் மானிட்டர் கேபிள் போர்டில் சொருகியிருக்கிறதா கார்டில் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டில்தான் இருக்க வேண்டும். அடுத்து கார்டின் பவர் கேபிள், ப்ராசஸரின் 4+4 கேபிள். பிறகு ராமைக் கழற்றி ஒரே ஒரு குச்சியோடு பார்க்கலாம், இரண்டு பக்கமும் "டக்" என்று பூட்டும்வரை அழுத்தி. டிடிஆர்5 போர்டு முதல்முறை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷம் கறுப்பாகவே நிற்கும், அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

திரை வந்ததும் எக்ஸ்எம்பி, பிறகு விண்டோஸ், கார்டின் டிரைவர். மானிட்டர் 100 ஹெர்ட்ஸோ 144 ஹெர்ட்ஸோ, விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் போய் நீங்களே அந்த எண்ணைத் தேர்ந்தெடுங்கள். விட்டால் 60-லேயே நிற்கும். அன்று மதிய வெயிலில், ஏசி இல்லாமல், அரை மணி நேரம் கேம் ஓட்டி வெப்பத்தைக் கவனியுங்கள். கார்டு 80 டிகிரி பக்கம் வந்து நின்றால் சரி. 90-ஐத் தொட்டால் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். உடனே இறங்கினால் காற்று போகவில்லை என்று அர்த்தம், முன்னால் இன்னொரு ஃபேன் போட்டால் தீரும். இறங்காவிட்டால் வாரன்ட்டி பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.