மரக்கட்டையில மரை போட்டு, அதை இறுகவும் வைக்கலாங்க

கழட்டிக் கழட்டி மாட்ட வேண்டிய இடத்துல மர ஸ்க்ரூ போட்டா, நாலஞ்சு தடவையிலயே ஓட்டை லூசாயிடுங்க. இரும்புக்குப் போடற மாதிரி மரத்துலயும் டேப்புங்கற மரை வெட்டற கருவியை விட்டு, துளைக்குள்ள சுருளா மரை போட்டு, அந்த மரையைப் பசை குடிக்க வெச்சுட்டா போல்ட் நின்னு பேசும். 8 மி.மீ. போல்ட்டை வெச்சுச் சொல்றேன்.

கட்டை கெட்டியா, நல்லாக் காய்ஞ்சதா இருக்கணும். காங்கேயம் பக்கம் கொறங்காட்டுல (மேய்ச்சல் காட்டுல) நிக்கிற வெள்வேல் அருமையான மரம். வேம்பும் சரிதான். பேக்கிங் பெட்டிப் பலகை வேண்டாங்க, மரை உதிர்ந்துடும். கட்டையோட தலைப்புல, அதாவது குறுக்கா அறுத்த முனையில, துளை போடாம, ரேகைக்குக் குறுக்கா முகத்துல போடுங்க.

எம்8 டேப்புக்கு, அதாவது 8 மி.மீ. போல்ட்டுக்கான டேப்புக்கு, இரும்புல 6.8 மி.மீ. ட்ரில் பிட் போடுவாங்க. மரத்துக்கு நான் 6.5 தான் எடுப்பேன், மரை ஆழமா விழும். பலகை 16 மி.மீ.க்குக் குறையாம இருக்கட்டும். துளையைச் செங்குத்தா, மறுபக்கம் வரைக்கும் போடுங்க. டேப்பைக் கைப்பிடியில மாட்டி ஒரு சுத்து முன்னால, அரைச் சுத்து பின்னால. தூள் அடைச்சா முழுசா வெளிய எடுத்து ஊதிட்டு மறுபடி விடுங்க. எண்ணெய் மட்டும் தொடவே கூடாது, பசை இறங்காது.

இப்பத்தான் முக்கியமான வேலை. தண்ணி மாதிரி ஓடற சூப்பர் குளூ வாங்குங்க. கெட்டியா இருக்கறது மேலயே நின்னுக்கும். மரைச் சுவர் முழுக்க நனையற மாதிரி சொட்டுச் சொட்டா விட்டு, மிச்சத்தைக் கீழே வடிய விடுங்க. பட்டறையில கையில சிக்கற பனியன் வேஸ்ட்டால துடைச்சுடாதீங்க! பருத்தியில இந்தப் பசை பட்டா வேகமாச் சூடேறி, புகை வந்து, கையைப் பொசுக்கிடும். திருப்பூர்ப் பக்கம் எல்லாப் பட்டறையிலயும் அந்த வேஸ்ட்தான் கிடக்குதுங்கறதால இதை அழுத்திச் சொல்றேன். பருத்திக் கையுறையும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வெச்சு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோங்க.

ராத்திரி முழுக்க அப்படியே விடுங்க. அவசரப்பட்டு ஈரத்துல டேப் விட்டா அதுவும் சேர்ந்து ஒட்டிக்கும். காலையில அதே டேப்பை இன்னொரு தடவை ஓட்டினா, பிசிறெல்லாம் போய் மரை கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். நிறைய இறுக்கற இடம்னா இன்னொரு தடவை பசை விட்டு, காய வெச்சு, டேப் ஓட்டுங்க.

போல்ட்டுக்குக் கொஞ்சம் மெழுகு தடவிக் கையாலயே முடுக்கிப் பாருங்க.