மின்வேதியியல் குழப்புகிறதா? திரையில் மின்கலத்தைக் கட்டிப் பாருங்கள்

ஓ லெவல், ஏ லெவல் பிள்ளைகள் பலர் தடுமாறும் பாடம் மின்வேதியியல். எலக்ட்ரான் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அம்புக்குறியைப் பார்த்தால் மட்டும் மனத்தில் நிற்பதில்லை. பிரவுசரில் இலவசமாக ஓடும் மின்கல சிமுலேஷன் ஒன்றைத் திறந்து கொடுங்கள்.

ஒரு பக்கம் துத்தநாகம், மறுபக்கம் தாமிரம். மீட்டரை இணைக்கும் முன்பே விடையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள், இதுதான் முக்கியம். ஓர் உலோகத்தின் அயனி எலக்ட்ரானை எவ்வளவு வலுவாக இழுக்கும் என்பதைக் காட்டும் எண், அதன் மின்முனை அழுத்தம். தாமிரத்தின் +0.34இலிருந்து துத்தநாகத்தின் −0.76ஐக் கழித்தால் 1.10 வோல்ட். அப்புறம் தாமிரத்துக்குப் பதில் வெள்ளி வைத்தால் 1.56. இரு பக்கக் கரைசல்களையும் இணைக்கும் உப்புப் பாலத்தை எடுத்துவிட்டால் மின்னோட்டம் நின்றுவிடும். ஏன் என்று அவர்களே சொல்லட்டும்.

நிறத்தை மட்டும் நம்பாமல் பெயரையும் குறியையும் காட்டும் சிமுலேஷனாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் உண்டு.

சரி, நிஜத்திலும் செய்யலாம். சிங்கப்பூர் சிம் லிம் டவரில் வோல்ட் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்கி, தேக்கா சந்தை எலுமிச்சையில் துத்தநாகம் பூசிய ஆணியும் தாமிரக் கம்பியும் செருகி, இரண்டையும் மீட்டருடன் இணையுங்கள். 1 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். பழத்தில் தாமிர அயனி இல்லை, அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிதான் எலக்ட்ரானை வாங்குகிறது. அதனால்தான் 1.10 வருவதில்லை. அந்தப் பழத்தைச் சாப்பிட வேண்டாம், துத்தநாகம் கரைந்திருக்கும்.