குடல் நோயுடன் முதுகு அறுவைச் சிகிச்சை: வீட்டில் முதல் ஆறு வாரங்கள்

இடுப்புப் பகுதி முதுகெலும்பின் வட்டு (டிஸ்க்) விலகி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் வயிறு ஒழுங்காக இருப்பவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. பெருங்குடல் அழற்சியோ, அதைப் போலவே குடலில் நீடிக்கும் அழற்சியான கிரோன் நோயோ பல ஆண்டுகளாக உடன் இருப்பவருக்கு அந்த அறிவுரைகள் பாதி வழிதான் உதவும். காட்பாடியில் வசிக்கும் எனக்குப் பதினோரு ஆண்டுகளாகப் பெருங்குடல் அழற்சி இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கீழ் முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தது. முதுகும் குடலும் மோதிக்கொள்ளும் இடம் கழிப்பறைதான் என்பதை முதல் வாரத்திலேயே உணர்ந்ததால், இந்தக் குறிப்பை அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்ததற்கு மாறாக இதில் எதையும் செய்ய வேண்டாம்.

ஆற்காடு, குடியாத்தம், வேலூர்ப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் கழிப்பறை கொல்லைப்புறத்தில், இரண்டு படி இறங்கிப் போகும் இடத்தில், குந்தி உட்காரும் வகையில் இருக்கும். குந்துவது இடுப்பை முழுவதுமாக மடக்கிவிடும் என்பதால் முதல் வாரங்களில் அது கூடாது. அறுவைக்கு நாள் குறித்தவுடனேயே, கைப்பிடி உள்ள கமோடு நாற்காலி ஒன்றைச் சர்ஜிக்கல் கடையில் வாங்கிக் கட்டிலிலிருந்து நாலைந்து அடி தூரத்தில் போட்டுவையுங்கள். வீட்டில் வெஸ்டர்ன் கழிப்பறை இருந்தாலும் இரவு நேரத்துக்கு இது தேவைப்படும். கழிப்பறையில் கையால் பிடித்துப் பீய்ச்சும் குழாயையும் அப்போதே பொருத்திவிடுங்கள். குவளையால் நீர் ஊற்றிக் கழுவும்போது நம்மை அறியாமலே இடுப்பு ஒரு பக்கம் திருகிக்கொள்கிறது. நாளுக்கு ஒருமுறை போகிறவருக்கு அது ஒரு திருகல். பேதி காலத்தில் எட்டு முறை போகிறவருக்கு எட்டுத் திருகல். குனியாதே, தூக்காதே, திருகாதே என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புகிறவர்கள் இந்த எட்டுத் திருகலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்தது எழுந்திருக்கும் முறை. மல்லாந்து படுத்த நிலையில் முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே கட்டையாக உருளும்படி ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடியே முழங்கையை ஊன்றி எழ வேண்டும். வலி இருக்கும் நாளில் இதற்கு ஒரு நிமிடம் வரை ஆகலாம். ஆனால் அழற்சி கிளம்பிய குடல் ஒரு நிமிடம் பொறுப்பதில்லை. அவசரத்தில் துள்ளி எழுந்துவிட்டால் அன்று முழுவதும் முதுகு பதில் சொல்லும். ஆகவே அறுவைக்கு முந்தைய வாரமே இந்த உருளலை நாளுக்குப் பத்து முறை பழகுங்கள். நாடா கட்டும் பைஜாமா வேண்டாம். லுங்கியோ நைட்டியோ போதும். கட்டிலுக்கும் கமோடுக்கும் இடையே மிதியடி எதுவும் கிடக்கக் கூடாது. இரவு விளக்கு எரியட்டும். விரிப்புக்கு அடியில் ஒரு ரப்பர் ஷீட் போட்டுவிட்டால் நனைந்துவிடுமோ என்ற அச்சம் குறையும், அச்சம் குறைந்தால் துள்ளலும் குறையும்.

மருந்து விஷயத்தில் நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். பத்தாம் நாள் இரவு வலி பொறுக்காமல், தெருமுனை மருந்துக் கடைக்குத் தம்பியை அனுப்பி வலி மாத்திரை வாங்கிவரச் சொன்னேன். குடல் நோய் இருப்பதை அவன் சொல்லவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை, வந்தது டைக்ளோஃபெனாக். மூன்றே நாளில் மலத்தில் இரத்தம் தெரிந்தது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் சிலருக்கு அடங்கியிருந்த குடல் அழற்சியைக் கிளப்பிவிடக்கூடியவை. பாராசிட்டமால் அந்த வகையில் பாதுகாப்பானது, ஆனால் அதற்கும் நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு உண்டு; சளி மாத்திரைகளிலும் அதே மருந்து கலந்திருக்கலாம் என்பதால் இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டை நெடுநாளாக உட்கொள்பவர்கள், அறுவையைக் காரணமாக வைத்து அதைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்துவது ஆபத்தானது. ஸ்டீராய்டு காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும், எலும்பின் வலுவையும் குறைக்கும் என்பதால், அதன் அளவும் எத்தனை காலமாக எடுக்கிறீர்கள் என்பதும் முதுகு மருத்துவருக்கு அறுவைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நோயின் பெயர், எல்லா மருந்துகளின் பெயர், ஆகாத மாத்திரைகளின் பெயர் மூன்றையும் ஓர் அட்டையில் எழுதி, கடைக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.

டிராமடால் போன்ற கடுமையான வலி மருந்துகள் குடலை மந்தமாக்கி மலத்தை இறுக்கிவிடும். ஆண்டுக்கணக்கில் பேதியோடு வாழ்ந்தவருக்கு நான்கு நாள் போகாமல் இருப்பது முதலில் நிம்மதியாகவே தோன்றும். அந்த நிம்மதியை நம்பாதீர்கள். முக்கும்போது வயிற்றின் அழுத்தம் முழுவதும் முதுகில் இறங்கும். இதைவிட ஏமாற்றக்கூடிய நிலை ஒன்றும் இருக்கிறது. இறுகிய மலம் அடைத்துக்கொண்டிருக்க, அதன் ஓரமாக நீர் மட்டும் கசியலாம். பார்ப்பதற்குப் பேதி போலவே இருக்கும் இதற்கு, பழக்கதோஷத்தில் பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டால் அடைப்பு இன்னும் இறுகிவிடும். பல நாள் கட்டிக்கிடந்த பிறகு கசிவு வந்தால் மாத்திரை தேடாமல் மருத்துவரைக் கேளுங்கள். வலி மருந்து தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் வேண்டுமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இசப்கோல் எல்லாருக்கும் பொருந்தாது. குடலில் சுருக்கம் உள்ள கிரோன் நோயாளிகள் அதைத் தாமாக எடுக்கக் கூடாது. காலையில் வெந்நீரோ கஞ்சியோ குடித்த அரைமணிக்குள் குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தில் போய் உட்காருங்கள், முக்காமல் மூச்சை விட்டபடி இருங்கள்.

இந்தக் குறிப்பிலேயே மிக முக்கியமானது அடுத்து வருவது. அடக்க முடியாமல் போய்விடுவது நமக்குப் பழகிய துன்பம், ஆகவே அது நேரும்போது குடல் நோய் என்றே எண்ணிக்கொள்வோம். ஆனால் முதுகுத்தண்டின் அடிநரம்புகள் நசுங்கினாலும் மலமும் சிறுநீரும் கட்டுப்பாடின்றிப் போகும். குடல் அழற்சியில் உணர்வு முன்னே வரும்: வயிறு முறுக்கும், ஓட வேண்டும் என்று தெரியும், ஆனால் எட்ட முடியாது. நரம்பு நசுங்கினால் போனதே தெரியாமல் இருக்கலாம், கழுவும்போது ஆசனவாயைச் சுற்றியும் தொடையின் உட்புறத்திலும் கை படுவது மரத்துப்போனது போல் இருக்கலாம், சிறுநீர் கழிக்க முடியாமல் நின்றுவிடலாம், கால் பலமிழக்கலாம். இவற்றில் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சல், தையலில் சீழ், ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, காற்றுகூடப் பிரியாமல் வயிறு உப்பி வாந்தி வருவது ஆகியவையும் தாமதிக்கக் கூடாதவை. குடல் அழற்சி உள்ளவர்களுக்குக் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், படுத்திருக்கும் நேரத்தில் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள்.

இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நம் வேலூரிலேயே ஒரு முன்னோடி இருக்கிறார். 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் பார்த்தவர். வேலூரை ஒட்டிய பாகாயத்தில் 1966-ல் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்கு அடித்தளமிட்டவர். மறுவாழ்வு மருத்துவத்தில் மலம், சிறுநீர் பற்றிய கேள்விகள் நடைப்பயிற்சிக்குச் சமமான பாடம். பிசியோதெரபிஸ்டிடம் தயங்காமல் கேளுங்கள்.

உணவைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. உங்கள் குடலுக்கு எது ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். காயம் ஆறப் புரதம் வேண்டும் என்பதை மட்டும் மறக்காமல், முட்டை, தயிர், குழைய வேகவைத்த பாசிப்பருப்பு ஆகியவற்றில் ஒத்துக்கொள்வதைச் சிறிது சிறிதாக ஐந்தாறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். பார்க்க வருகிறவர்கள் அன்போடு கொண்டுவரும் மக்கன் பேடாவும், தெம்புக்கென்று சொல்லி வாங்கிவரும் ஆம்பூர் பிரியாணியும் ஆறு வாரம் காத்திருக்கட்டும். வேலூர்க் கத்திரி வெயிலில் பேதியும் சேர்ந்தால் நீர் வேகமாக இறங்கிவிடும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கைக்கெட்டும் உயரத்தில் வையுங்கள், குனிந்து எடுக்கும் இடத்தில் அல்ல.

இடுப்புப் பெல்ட் அணியச் சொல்லியிருந்தால் உள்ளே பருத்தி பனியன் போட்டு, சாப்பிட்டவுடன் இறுக்காமல் அணியுங்கள். வயிற்றுப் பொருமல் உள்ள நாளில் எவ்வளவு தளர்த்தலாம் என்பதை முன்பே கேட்டுவையுங்கள். நடைக்குக் கோட்டை மைதானம் இப்போதைக்கு வேண்டாம். வீட்டைச் சுற்றியே ஐந்து ஐந்து நிமிடமாக நடந்தால் கழிப்பறையும் அருகில் இருக்கும், மனமும் பதறாது. மறுபரிசோதனைக்குப் போகும்போது வேகத்தடைதோறும் குலுக்கும் ஆட்டோவைத் தவிர்த்து, காரின் முன் இருக்கையைச் சற்றுச் சாய்த்து அமர்ந்து செல்லுங்கள்.

போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டைக் கையில் கொண்டுபோங்கள். இடப்பக்கத்தில் முதுகு: வலி எவ்வளவு, எத்தனை நிமிடம் நடந்தீர்கள், என்ன மாத்திரை. வலப்பக்கத்தில் வயிறு: எத்தனை முறை, இரத்தம் உண்டா, என்ன சாப்பிட்டீர்கள். எலும்பு மருத்துவர் இடப்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடப்போனால், வலப்பக்கத்தையும் பார்க்கும்படி கேளுங்கள். குடல் மருத்துவரிடமும் அதே நோட்டையே நீட்டுங்கள்.